உச்ச நீதிமன்றமும் குமரி மாவட்டத்து மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று நம் மாவட்டத்தில் கோர்ட் உள்ள ஊர்களில் வழக்குக்காக வந்து நிற்பவர்கள், வக்கீலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சில கேள்விகள் கேட்பார்கள். சட்ட உதவி முகாம்களிலும் அதே கேள்விகள்தான் வரும். அவற்றை எழுதிவைத்தால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. சொந்த வழக்குக்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும். இது பொதுவான புரிதலுக்கு.

டெல்லியில் இருக்கிற கோர்ட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் பிரிவுப்படி, உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தகப்பன் மகளைக் காணவில்லை என்று புகார் கொடுக்க, அங்கே வழக்குப் பதிய மறுத்தார்கள். அதிலிருந்து கிளம்பிய வழக்குதான் இன்று கோட்டாறு ஸ்டேஷனில் உங்கள் புகாரை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தேர்தலில் நிற்பவர் தன் மேலுள்ள வழக்குகளையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறாரே, அதற்கும் 2002-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் காரணம்.

ஆனால் ஒன்று. தீர்ப்பு தானாக ஊருக்கு வந்து சேராது. "இப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதன்படி செய்யுங்கள்" என்று ஸ்டேஷனிலோ வி.ஏ.ஓ. ஆபீசிலோ சார்பதிவாளர் முன்னாலோ யாராவது சொல்ல வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்பிள்ளைக்குப் பங்கு கிடையாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. நம் மாவட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்.

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தோம். அங்கே 1916-ல், அதாவது கொல்லம் ஆண்டு 1092-ல், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுக்குக் கிடைக்கும் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. விதவைக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுள்ள சில பிரிவினருக்கு மட்டும் அந்தச் சட்டமே விலக்குத் தந்திருந்தது.

கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய், தகப்பன் சொத்தில் சம பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, அன்றிலிருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-தான் பொருந்தும் என்றது நீதிமன்றம். அதற்கு முன்னால் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லியிருந்தது. அந்தக் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே இது கேரளத்துத் தீர்ப்பு, நமக்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவிதாங்கூர் மண் முழுவதுக்கும் பொருந்தும். நம் கல்குளமும் விளவங்கோடும் அதில் உண்டு.

இப்போது கணக்கு இதுதான்: உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மகன், மகள் எல்லாருக்கும் சமமாக.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பாரபட்சம் காட்டும் சட்டம் அரசமைப்பின் சமத்துவ உரிமைக்கு விரோதமா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. பழைய சட்டம் 1951-லேயே நீக்கப்பட்டுவிட்டது என்ற ஒரே காரணத்தை வைத்துத் தீர்த்துவிட்டார்கள். பலன் கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனாலும் பெண்ணைத் தாழ்த்தும் சட்டம் தவறு என்று அன்று நேராகவே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தீர்ப்பு இருந்தும் பெண்களுக்குப் பங்கு வருவதில்லையே?

ஏன் வருவதில்லை என்று தெரிய வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும். தகப்பன் இறந்து சில மாதம் ஆகியிருக்கும். அண்ணன் தம்பிகள் பத்திர எழுத்தரோடு வருவார்கள். பின்னால் கல்யாணமாகிப் போன தங்கைகள் ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருப்பது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதித் தரும் பத்திரம். "எனக்கு ஏற்கனவே நகையும் பணமும் கிடைத்துவிட்டபடியால்" என்று அதில் ஒரு வரி இருக்கும். எத்தனை சென்ட், என்ன மதிப்பு என்று அந்தப் பெண் கேட்பதில்லை. கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம். விரல் ரேகை வைத்து, கேமரா முன் முகம் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

அந்தக் கையெழுத்து செல்லும். உச்ச நீதிமன்றம் தந்த பங்கை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்றால் வழக்குப் போடலாம். அதற்கும் காலவரம்பு உண்டு. அதை நிரூபிப்பதும் லேசில்லை. இன்னொரு வழி உயில். கிறிஸ்தவத் தகப்பன் முழுச் சொத்தையும் மகன்கள் பெயருக்கு உயில் எழுதினால் சட்டம் தடுக்காது.

அதனால் பெண்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வில்லங்கச் சான்று எடுத்து என்ன சொத்து இருக்கிறது என்று பாருங்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

இந்துக் குடும்பங்களில்?

தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று வைத்தார்கள். 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2005 செப்டம்பர் 9-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று குழப்பம் வந்தபோது, தேவையில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவு செய்தோ கோர்ட் மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகை) மட்டும் தருகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட வேண்டாமா?

புகாரைப் படித்தாலே அது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். 2013 நவம்பர் 12-ல் ஐந்து நீதிபதிகள் லலிதா குமாரி வழக்கில் சொன்னது இது. முதலில் சொன்ன உத்தரப் பிரதேச வழக்கு அதுதான். குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்க இடம் கொடுத்தார்கள். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு தெரிந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில், அவசியத்தை எழுதிக் காட்டாமல் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உத்தரவு. அதே ஆண்டு ஜூனில்தான் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. அந்த வழக்கைத் தானாக முன்வந்து கையில் எடுத்தது மதுரை உயர் நீதிமன்றக் கிளை. உச்ச நீதிமன்றம் பொதுவிதி வகுத்தாலும், ராத்திரியில் ஒரு ஸ்டேஷனுக்குள் நடப்பதை உடனே தட்டிக்கேட்கப் பக்கத்தில் உள்ள கோர்ட்தான் வேண்டும்.

குழித்துறையில் தோற்றால் நேரே உச்ச நீதிமன்றம் போகலாமா?

முடியாது. சாதாரண சிவில் வழக்கு முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சப் கோர்ட்டில் அப்பீல், அப்புறம் மதுரைக் கிளையில் இரண்டாம் அப்பீல் என்று போகும். மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல் திறந்தது. அதற்கு முன்னால் நம் ஆட்கள் சென்னைக்குத்தான் ஓடினார்கள்.

அதன் பிறகும் உச்ச நீதிமன்றம் போவது உரிமை என்று சொல்ல முடியாது. 136ஆம் பிரிவில் சிறப்பு அனுமதி மனு போட்டு, "என் வழக்கைக் கேளுங்கள்" என்று முதலில் அனுமதி கேட்க வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 90 நாள் அவகாசம். பெரும்பாலான மனுக்கள் முதல் விசாரணையிலேயே சில நிமிடங்களில் தள்ளுபடி ஆகிவிடும். கீழ்க் கோர்ட்டுகள் சாட்சியத்தை எடை போட்டது சரியா என்று பார்க்க அவர்கள் உட்காரவில்லை. பெரிய சட்டக் கேள்வியோ அப்பட்டமான அநியாயமோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வரப்புத் தகராறை அங்கே கொண்டுபோவதற்காக இருக்கிற நிலத்தை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: காரணம் சொல்லாமல் அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஆமோதித்ததாக ஆகாது. "சுப்ரீம் கோர்ட்டே எங்கள் பக்கம்" என்று எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கடிதம் எழுதினால் வழக்காக எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டோமே?

எடுத்திருக்கிறார்கள். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் நீதிபதிகள் வி.ஆர்.கிருஷ்ணய்யர், பி.என்.பகவதி போன்றவர்கள், வக்கீல் வைக்க வழியில்லாதவர்களின் குரலும் கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சிறைக்குள் நடந்த சித்திரவதையைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதமே மனுவானது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களின் வழக்கு 1979-ல் வந்தது; தண்டனை கிடைத்திருந்தால் அனுபவித்திருக்கக்கூடிய காலத்தைவிட அதிக நாள் உள்ளே இருந்தவர்கள் அதில் உண்டு. பொதுநல வழக்கு என்று இன்று சொல்வது இப்படி வளர்ந்தது.

இப்போது அந்தக் கடிதங்களைச் சலித்துத்தான் எடுக்கிறார்கள். தனிப்பட்ட தகராறு எதுவும் தேறாது. அடிப்படை உரிமைக்கு 32ஆம் பிரிவில் நேரே டெல்லி போக வழி உண்டு. ஆனால் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் அதைவிட அகலமானது. கன்னியாகுமரியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லிக்கு இரண்டு நாள். மதுரைக்கு அரை நாள்கூட வேண்டாம்.

இத்தாலிக் கப்பல் வழக்கில் நம் மீனவர்களுக்கு நீதி கிடைத்ததா?

2012 பிப்ரவரி 15. 'செயின்ட் ஆண்டனி' என்ற விசைப்படகு கேரளக் கடலில், கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தள்ளி மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லிச் சுட்டார்கள். படகில் இருந்த 11 பேரில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் நம் மாவட்டத்துப் பையன்.

கேரளப் போலீஸ் இரண்டு வீரர்களைக் கைது செய்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் நடந்ததை விசாரிக்கக் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்றது. பிறகு விவகாரம் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020-ல் வந்த முடிவில், அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியாவில் அவர்கள் மேல் வழக்கு நடத்த முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றார்கள். இழப்பீட்டுப் பணத்தைக் கட்டாமல் வழக்கை முடிக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் பிடிவாதமாக நின்றது. 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்த பிறகுதான் 2021 ஜூன் 15-ல் வழக்கு முடிந்தது: இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி.

படகில் உயிர் தப்பிய ஒன்பது பேர் அதில் எங்குமே இல்லை. குண்டு பாய்ந்த படகுக்குள் குனிந்து கிடந்தவர்கள், பக்கத்தில் இரண்டு பேர் சாவதைப் பார்த்தவர்கள். அவர்கள் தனியாகக் கேட்ட பிறகே, உரிமையாளரின் 2 கோடியிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் கொடுக்க 2022-ல் உத்தரவானது.

நீதி கிடைத்ததா என்றால், பணம் கிடைத்தது. யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று நம் நாட்டுக் கோர்ட் ஒன்றில் சாட்சி ஏறிச் சொல்லும் நாள் வரவே இல்லை. கரையில் இதைக் கேட்கிறவர்களிடம் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. உச்ச நீதிமன்றம் நாட்டுக்குள்தான் உச்சம். நாடுகளுக்கு நடுவே உள்ள ஒப்பந்தங்களுக்கு அதுவும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. இருந்தாலும், குடும்பங்களுக்குப் பணம் வராமல் கோப்பை மூட மாட்டேன் என்று அது நின்றதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நெய்யாற்றுத் தண்ணீர் வழக்கு என்ன ஆனது?

1956-க்கு முன்னால் நெய்யாறும் விளவங்கோடும் ஒரே ராஜ்யம். எல்லை பிரிந்த பிறகும் இடதுகரைக் கால்வாய் வழியே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004-ல் கேரளம் நிறுத்திவிட்டது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே தகராறு என்றால் 131ஆம் பிரிவில் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். தமிழ்நாடு 2012-ல் தொடுத்தது. பத்தாண்டு தாண்டியும் முடிவு வரவில்லை. அதற்குள் கால்வாயில் புல் முளைத்தது. தண்ணீரை நம்பி நெல் போட்டவர்கள் ரப்பருக்கும் வாழைக்கும் மாறினார்கள், வயல் வீட்டுமனையானது. நாளைக்கே சாதகமான தீர்ப்பு வந்தாலும் பழைய பாசனம் அப்படியே திரும்பாது. காலதாமதம் என்பது இப்படித்தான் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பாகவே மாறிவிடுகிறது.

நெடுஞ்சாலை டாஸ்மாக் கடைகளை மூடச் சொன்னது யார்? மறுபடி திறந்தது எப்படி?

இரண்டும் உச்ச நீதிமன்றம்தான். குடித்துவிட்டு ஓட்டுவதால் விபத்துகள் கூடுகின்றன என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பு. 2017 ஏப்ரல் 1-ல் அமல். தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்மிடம்தான் முடிகிறது, 66-ஆம் எண்ணும் நம்மிடம்தான் முடிகிறது. ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் நம் மாவட்டத்தில் சாலையை விட்டு 500 மீட்டர் தள்ளினால் அது இன்னொரு குடியிருப்பு. கடைகளைத் தெருக்களுக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். மாநிலம் முழுக்கப் பெண்கள் மறித்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் அமலுக்கு முந்தின நாளே, 20,000 பேருக்குக் குறைவான ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று தளர்த்தினார்கள். ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் தடை இல்லை என்றார்கள். எத்தனை மீட்டர் என்று அளவு வைப்பது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. அரசாங்கம் கடை வருமானத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டதால் கோர்ட் கையில் எடுத்தது. எடுத்த பிறகு களத்தில் வந்த சிக்கலைச் சமாளிக்க அதனால் முடியவில்லை. நோக்கம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தெருக்களில் கடையை நிறுத்தியது சாலையில் உட்கார்ந்த பெண்கள்தான்.

உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைவிடப் பெரியதா?

இரண்டுக்கும் மேலே இருப்பது அரசமைப்புச் சட்டம். அதற்கு என்ன பொருள் என்று கடைசியாகச் சொல்வது உச்ச நீதிமன்றம். காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் 1973 ஏப்ரல் 24-ல் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்று தீர்ப்புச் சொன்னார்கள்: நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம். நாட்டின் பெரிய பாதுகாப்பு அந்த ஓர் ஓட்டில் நிற்கிறது.

ஆனால் கோர்ட் சொன்னால் அதோடு முடிந்தது என்றும் இல்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சொன்னார்கள். தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கியோருக்கு ஒதுக்கீடு தர வழி பிறந்தது. ஜல்லிக்கட்டு 2014-ல் தடையானது. 2017-ல் மெரினா முதல் ஊர் ஊராக இளைஞர்கள் கூடினார்கள், மாநிலச் சட்டம் வந்தது. 2023 மே 18-ல் அதே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

ஆளுநர் விவகாரத்தையும் கேட்பார்கள். ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-ல் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டதன் பேரில், ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கவோ தானாக ஒப்புதல் ஆனதாகக் கொள்ளவோ நீதிமன்றத்தால் முடியாது என்று 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். காரணமில்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் மட்டும் முடிவெடுக்கச் சொல்லலாமாம். சட்டமன்றம் நிறைவேற்றியதை ஒருவர் மேசையில் வைத்துக்கொண்டே இருக்கலாம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

உச்ச நீதிமன்றமே தவறு செய்தால்?

செய்திருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், காரணமில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர் கோர்ட்டுக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது, ராஜினாமா செய்தார். 2017-ல் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது பழைய தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கினார்கள். நாற்பத்தோரு ஆண்டு ஆனது.

பத்மநாபசுவாமி கோயில் தீர்ப்பு நம் கோயில்களுக்கும் பொருந்துமா?

இல்லை. 2020 ஜூலை 13-ல் வந்த அந்தத் தீர்ப்பு திருவனந்தபுரம் கோயிலின் நிர்வாகத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு உள்ள உரிமையைப் பற்றியது. 1956-ல் நம்மோடு வந்த கோயில்களுக்கு வேறு ஏற்பாடு. அரசமைப்பின் 290-ஏ பிரிவில், அந்தக் கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுதோறும் பதின்மூன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரிலிருந்து வந்த கோயில்களுக்காக அரசமைப்பில் ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது.

நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள்?

தலைமை நீதிபதியும் மூத்த நான்கு நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இதை மாற்ற வந்த சட்டத்தை 2015-ல் நீதிமன்றமே ரத்து செய்தது. தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 இடங்கள். ஓய்வு 65 வயதில். முதல் பெண் நீதிபதி 1989-ல் வந்த ஃபாத்திமா பீவி. பத்தனம்திட்டைக்காரர், திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தவர், பிறகு தமிழ்நாட்டு ஆளுநர். அவருக்குப் பிறகும் பெண்கள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

அங்கே தமிழில் பேசலாமா?

முடியாது. 348ஆம் பிரிவுப்படி ஆங்கிலம் மட்டும். உயர் நீதிமன்றத்திலாவது தமிழ் வேண்டும் என்று 2006-லேயே சட்டமன்றம் தீர்மானம் போட்டும் ஏற்கப்படவில்லை. தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் ஒருவர் கைகட்டி நிற்பது எனக்கு ஒவ்வாத காட்சி. இப்போது பல தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பு உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 செப்டம்பர் முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை நேரலையாகப் பார்க்கலாம்.

கையில் காசில்லை. என்ன செய்வது?

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், கட்டணமில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்போர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்கள் உச்ச நீதிமன்ற வழக்கென்றால் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வக்கீல்களில் தனித் தேர்வு எழுதித் தகுதி பெற்றவர்களால்தான் அங்கே மனுத் தாக்கல் செய்ய முடியும்; அந்த ஏற்பாட்டையும் ஆணைக்குழுவினரே செய்து தருவார்கள்.

தீர்ப்பை விமர்சித்தால் உள்ளே போட்டுவிடுவார்களா?

நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்று 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. நீதிபதி காசு வாங்கிவிட்டார் என்று ஆதாரமில்லாமல் எழுதுவது வேறு.

தீர்ப்பு இருக்கிறது, ஆனால் ஊரில் நடக்கவில்லை. யாரைப் பிடிப்பது?

குளத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை ஆக்கிரமித்து வீடு கட்டிய வழக்கில், பொதுநிலங்களை மீட்டு ஊருக்கே ஒப்படைக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் தீர்ப்பு சொன்னது. ஏராளமான குளங்கள் உள்ள நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

முதலில் தாலுகா அலுவலகத்தில் அந்தக் குளத்தின் புல எண், பரப்பு, வரைபடம் எல்லாவற்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில், தீர்ப்பின் பெயரையும் தேதியையும் எழுதி, நகலை இணைத்து மனுக் கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். நியாயமான காலம் காத்திருந்தும் அசையவில்லை என்றால் அந்த மனுவையும் ரசீதையும் வைத்து மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அங்கே உத்தரவு வாங்கியும் அதிகாரி செய்யவில்லை என்றால் அவமதிப்பு மனு. உத்தரவை மீறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதைப் போட்டாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தத் தேதியில்தான்.